சாம்பேசியில் இரண்டு விசில்

சியாவா, சாம்பேசி ஆற்றங்கரை
22 மார்ச் 1998

மச்சான் சூல்வேக்கு,

இப்படி அழைக்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டாகிவிட்டது. முதல் தாளில் 'அன்புள்ள' என்று ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதியது மாதிரி இருந்தது. நீ என் மனைவியின் அண்ணன். அதை உன்னாலும் மாற்ற முடியாது, என்னாலும் முடியாது. அதனால் மச்சான்தான்.

நீ மசாபுகாவில் கரும்புத் தோட்டத்தில் சேர்ந்துவிட்டதாக உன் தங்கை லுயாண்டோ சொன்னாள். முகவரி கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு?"

"லெட்டர் போட."

"அஞ்சு மாசம் கழிச்சா?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். மறுநாள் காலையில் என் தொப்பிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அவள் கையெழுத்து.

இந்த வருடம் வெள்ளம் அதிகம். நாம் சுற்றுலாப் பயணிகளுக்குக் கூடாரம் போடுகிற மணல்திட்டு போன இடம் தெரியவில்லை. அத்தி மரங்கள் இடுப்பு வரை தண்ணீரில் நிற்கின்றன. முதலைகள் கரையேறி, முகாமின் சமையல்கட்டுக்குப் பின்னால் வெயில் காய்கின்றன. சமையல்காரர் கூலாவைக் கேட்டால், "வாடகை தராம தங்கியிருக்குற ஆளுங்க" என்கிறார்.

முந்தாநாள் யானைகள் ஆற்றைக் கடந்தன. பதினொன்று. கடைசியில் ஒரு குட்டி, தலை முழுக்கத் தண்ணீருக்குள், தும்பிக்கை நுனி மட்டும் வெளியே. நடு ஆற்றில் இழுப்பு அதிகமானபோது ஒரு பெரிய பெண் யானை பின்வாங்கி வந்து, குட்டிக்கு மேல்பக்கம் போய் நின்று தண்ணீரைத் தன் விலாவில் வாங்கிக்கொண்டது. தீவில் ஏறும் வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. ஏறியதும் பக்கத்தில் திரும்பி "பதினொண்ணு மச்சான்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

லுயாண்டோவுக்கு ஆறாம் மாதம். நன்றாக இருக்கிறாள்.

பதில் போடு. திட்டியாவது போடு.

மூன்கா

*

மசாபுகா
9 ஏப்ரல் 1998

மூன்கா,

கடிதம் கிடைத்தது.

இங்கே நான் மதகு திறக்கிறேன். காலையில் திறக்கிறேன், மதியம் மூடுகிறேன். வாய்க்கால் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தது மாதிரி ஓடுகிறது. தண்ணீர் முழங்கால் அளவு. அதற்குள் எதுவும் ஒளிந்திருக்காது. சூல்வே, அதாவது அதிர்ஷ்டம் என்று என் அப்பா எனக்குப் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார். மேஸ்திரிக்கு அதில் தினமும் ஒரு சந்தோஷம். "ஏய் அதிர்ஷ்டம், ஏழாம் நம்பர் மதகை மூடு!" என்பார். சிரிப்பார்.

யானைகளைப் பற்றி எழுதியிருந்தாய். நன்றாக இருந்தது. ஆனால் உன் கடிதத்தில் அக்டோபர் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

நீ எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். அக்டோபர் ஒன்பது. ஐந்து ஓடங்கள். நீ முதல் ஓடத்தில், நான் கடைசியில். பயணத்தின் பொறுப்பு என்னுடையது. ஆறு இறங்கியிருந்த சமயம். தீவுக்குப் பின்னால் இருக்கும் குறுகல் கிளைக்குள் போகக் கூடாது என்று காலை டீ குடிக்கும்போதே சொன்னேன். தண்ணீர் வற்றினால் அங்கே நீர்யானைக்கு ஒதுங்க இடம் இருக்காது, நம் மேல்தான் வரும் என்றேன். நீ தலையாட்டினாய். பிறகு பத்து மணி வாக்கில் நேரே அதற்குள் போனாய்.

நான் வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடித்தேன். 'நில், திரும்பு' என்பதற்கு இரண்டு விசில். நீ நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. உன் பின்னால் இரண்டு ஓடங்கள் நுழைந்தன. மூன்றாவது ஓடம் தண்ணீரை விட்டு மேலே எழும்பியதைப் பார்த்தேன். அதில் இருந்த ஜெர்மன்காரப் பயணி ஹில்டெகார்ட் அம்மாவின் தொடையில் நீர்யானையின் பல். நான் குதித்தேன். அவரைக் கரைக்கு இழுத்து வரும்போது அவர் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்த பிடி எனக்கு இன்னும் கழுத்தில் இருக்கிறது. பிழைத்துக்கொண்டார். அதற்கு நாம் இருவருமே நன்றி சொல்ல வேண்டும்.

நவம்பரில் லுசாகாவில் விசாரணை. உன்னைக் கேட்டார்கள்: "பின்னால இருந்து எச்சரிக்கை ஏதாவது வந்துச்சா?" நீ சொன்னாய்: "எனக்கு எதுவும் கேக்கல, சார்." என் வழிகாட்டி உரிமம் போனது.

ஒன்று சொல்கிறேன், நம்பினால் நம்பு. அன்றைக்கு எனக்கு உன் மேல் கோபமே வரவில்லை. பதினோரு வருடம் ஒரே ஆற்றில் இருந்திருக்கிறோம், நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால் நம்பினேன். நம்பித்தான் கெட்டேன். என் உதடு காய்ந்திருந்ததா, காற்று எதிர்த்து அடித்ததா, ஒரு தடவைதான் அடித்தேனா, இல்லை அடித்ததாக நினைத்துக்கொண்டேனா என்று ஐந்து மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து வாய்க்கால் ஓரத்தில் விசில் அடித்துப் பார்க்கிறேன். போன வாரம் அதைக் கேட்டு எதிர்ப்பக்கத்துக்காரன் தன் மதகைத் திறந்துவிட்டான்.

எனக்கு உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. உனக்குக் கேட்டதா?

சூல்வே

*

சியாவா
30 ஏப்ரல் 1998

மச்சான்,

உன் கடிதத்தைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். கூலா, படகோட்டிகள், எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். 

சீசனின் முதல் பயணம் போய் வந்தோம். நார்வேக்காரர்கள் நாலு பேர். இரண்டாம் நாள் நடந்ததைக் கேள். பெரிய அத்தி மரத்தடியில் முகாம். புல் தட்டியால் குளிக்கிற இடம் கட்டி, கிளையில் வாளி தொங்கவிட்டிருந்தோம். அவர்களில் ஒருவர், ஆறடிக்கு மேல் உயரம், உடம்பெல்லாம் சோப்பு போட்டுக்கொண்டு நிற்கிறார். உன் பழைய சிநேகிதர், இடது தந்தம் முறிந்த ஆண் யானை, மெதுவாக நடந்து வந்து தட்டிக்கு மேலாகத் தும்பிக்கையை நீட்டி, வாளித் தண்ணீரை ஒரே உறிஞ்சு. வாளி காலி. மனுஷர் உள்ளே அசையாமல் நிற்கிறார், கண்ணில் சோப்பு. "மூன்கா! தண்ணீர் நின்றுவிட்டது!" என்று கத்துகிறார். மேலே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் என்ன சொல்ல? "கண்ணைத் திறக்காதீங்க சார், ஒரு நிமிஷம்" என்றேன். யானை அவர் தலையை முகர்ந்து பார்த்தது. சோப்பு வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது, தும்மிவிட்டுப் போய்விட்டது. அவர் வெளியே வந்து, "திடீர்னு சூடான காற்று அடிச்சுதே, அது என்ன?" என்று கேட்டார். கூலா சிரித்துச் சிரித்துக் களி கிண்டுகிற கட்டையைத் தீயில் போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் சிங்கம் எருமையை அடித்ததை எதிர்க்கரையில் பார்த்தோம். மூன்று பெண் சிங்கங்கள். எருமைக் கூட்டம் திரும்பி வந்து அவற்றை விரட்டியது, அவை மறுபடி வந்தன. ஒரு மணி நேரம் இப்படியே. நான்கு ஓடங்களையும் நாணலில் சேர்த்துக் கட்டிவிட்டுப் பார்த்தோம். ராட்சத நாரை ஒன்று எங்களுக்கு நாலு அடி தள்ளி, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது மாதிரி மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

உன் கடிதத்தைக் காட்டச் சொல்லி லுயாண்டோ கேட்டாள். நனைந்து போய்விட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மற்றதையெல்லாம் நேரில் பேசலாம். கடிதத்தில் எழுதினால் சரியாக வராது.

மூன்கா

*

மசாபுகா
12 மே 1998

மாப்பிள்ளை,

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். யானை இருக்கிறது, சோப்பு இருக்கிறது, நார்வே இருக்கிறது. மூன்று சிங்கம் இருக்கிறது. நாரைக்குக்கூட இடம் கொடுத்திருக்கிறாய். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை.

அதுவே பதில் என்று நான் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ள மாட்டேன். உன்னிடமிருந்து அது எனக்கு எழுத்தில் வர வேண்டும். கேட்டது, அல்லது கேட்கவில்லை. தபால் அட்டை போதும்.

என் கடிதம் நனையவில்லை. நனைந்தது என்று என் தங்கையிடம் சொன்னாய். ஆக, நீ பொய் சொல்லி நான் இப்போது பார்த்துவிட்டேன்.

வாய்க்காலுக்கு ஒரு கறுப்பு வெள்ளை மீன்கொத்தி வந்திருக்கிறது. மூன்று நாளாக மதகுக் கம்பியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிறது. இங்கே மீன் இல்லை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

சூல்வே

*

சியாவா
24 மே 1998

மச்சான்,

கேட்டது.

இரண்டும் கேட்டது. உன் உதடு காயவில்லை, காற்றும் எதிர்க்கவில்லை. முதல் விசிலிலேயே என் முதுகு கூசியது. இரண்டாவது கேட்டபோது துடுப்பை ஒரு நொடி நிறுத்தினேன். பிறகு மறுபடி போட்டேன்.

இந்தச் சில வரிகளை எழுதக் காலையிலிருந்து மதியம் வரை ஆயிற்று. இனிமேல் எளிது.

ஏன் என்று எழுதுகிறேன். அது சாக்கு ஆகாது. முதல் நாள் ஓடத்தில் ஏற்றும்போது ஹில்டெகார்ட் அம்மா என்னிடம், "எனக்கு அறுபத்தெட்டு வயசு. மூணு தடவை ஆப்பிரிக்கா வந்துட்டேன், காட்டுநாயை மட்டும் பார்த்ததே இல்லை. இதுதான் கடைசி" என்றார். அன்றைக்குக் காலையில் தீவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. குருவிக் கூட்டம் கத்துவது மாதிரிக் கீச்சு கீச்சென்று இருக்குமே, அது. நாய்கள் அங்கேதான் இருந்தன. மூன்கா காட்டினான் என்று அவர் ஊரில் போய்ச் சொல்வார் என்று நினைத்தேன். 'சூல்வேதான் பெரிய ஆள், மூன்கா அவன் மச்சான்' என்றுதான் பதினோரு வருடமாக எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு தடவை, உன் பேச்சைக் கேட்காமல், சரியாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயம்.

விசாரணை அன்றைக்கு முந்தின வாரம்தான் லுயாண்டோ உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது அது மட்டும்தான் தலையில் இருந்தது. வேலை போனால் என்ன செய்வேன் என்று. உனக்கும் வேலை உண்டு என்பது அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே வந்து நீ என் தோளில் கைவைத்து, "விடு, உனக்குக் கேக்கலன்னா நீ என்ன பண்ணுவ?" என்றாய். அப்போது தோன்றியது. அதற்குள் நேரம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று லுயாண்டோவிடம் சொன்னேன். அவள் கபென்டா பொடிமீன் கருவாட்டை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிரவில்லை. கடைசி மீன் வரைக்கும் பரப்பி முடித்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"நாளைக்கு எழுதப் போறேன்."

"எழுதுங்க. எழுதிட்டு லுசாகாவுக்குப் போங்க. நீங்க எங்க நின்னு பொய் சொன்னீங்களோ அங்கயே போய் நின்னு சொல்லுங்க. எனக்கும் அண்ணனுக்கும் சொல்லி என்ன ஆகப் போகுது?"

"வேலை போயிடும் லுயாண்டோ. குழந்தை வர நேரம்."

"அந்தப் புள்ளையை நடுவுல இழுக்காதீங்க" என்றாள். "அது இன்னும் பொறக்கவே இல்ல, அது மேல ஏற்கெனவே ஒரு பழி இருக்கு."

பிரசவத்துக்கு சியாவோங்காவில் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தது. அடுத்த மாதம் போக வேண்டியவள் இன்றைக்கே லாரி ஏறிவிட்டாள். கோபித்துக்கொண்டு போனாளா, பிரசவத்துக்குப் போனாளா என்று எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

லுசாகா உரிம அலுவலகத்துக்கும் இன்றைக்கே எழுதுகிறேன். ஜூன் பதினாறாம் தேதி அவர்கள் கூடும்போது வந்து சொல்வதாக.

மூன்கா

*

மசாபுகா
4 ஜூன் 1998

மூன்கா,

உன் கடிதத்தை மதகுச் சுவரில் உட்கார்ந்து படித்தேன். 'இரண்டும் கேட்டது' என்ற வரிக்கு மேல் போகவே முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் நம்பரை மூட மறந்துவிட்டேன். அரை ஏக்கர் கரும்பு குளமாகிவிட்டது. மேஸ்திரி ஓடி வந்து என் வம்சத்தையே திட்டினார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். குடித்திருக்கிறேனா என்று முகர்ந்து பார்த்தார்.

நான் விசில் அடித்தேன், மூன்கா. இரண்டு தடவை, சரியான நேரத்தில். ஏழு மாதம் கழித்து இதைத் தெரிந்துகொள்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. என் கையை என்னிடம் திருப்பிக் கொடுத்தது மாதிரி இருந்தது.

கோபம் மூன்று நாள் கழித்து வந்தது. வந்த பிறகு போகவில்லை. தோளில் கைவைத்து நான் சொன்னதை நீ எழுதியிருக்கிறாயே, அதைப் படிக்கும்போதெல்லாம் வருகிறது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் வாய்க்காலில் போட்டு அமுக்கியிருப்பேன். முழங்கால் தண்ணீர்தான், ஆனாலும் முயற்சி செய்திருப்பேன். சூல்வே பெரிய ஆள் என்று எல்லோரும் சொன்னார்களாம். நீ ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கலாம். முன் ஓடத்தையும் பொறுப்பையும் சேர்த்து உன்னிடம் கொடுத்திருப்பேன். கடைசி ஓடத்தில் உட்கார்ந்து எல்லார் முதுகையும் பார்த்துக்கொண்டு வருவது எனக்கு மட்டும் ஆசையா?

லுயாண்டோவைப் பற்றி. அவள் கோபித்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். அவள் கோபப்பட்டால் கிளம்புவாள், வெறுத்தால் உட்கார்ந்தே இருப்பாள். கிளம்பியது நல்லது.

லுசாகாவைப் பற்றி. இப்போது போக வேண்டாம் என்று எழுத நினைத்தேன். குழந்தை பிறக்கட்டும், சீசன் முடியட்டும், உன் வேலையும் போய் என்ன லாபம், எனக்குத் தெரிந்தது போதும் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன். இதோ கீழே அடித்திருக்கிறேனே, அதுதான் அந்தப் பக்கம். படிக்க முயற்சி செய்யாதே.

போ. பதினாறாம் தேதி போ.

சூல்வே

*

சியாவோங்கா
29 ஜூன் 1998

மச்சான்,

முதலில் இது: பெண் குழந்தை. பத்தொன்பதாம் தேதி காலையில். இருவரும் நலம். மூக்கு உன்னுடையது. பாவம், என்ன செய்வது, வளரும்போது சரியாகலாம்.

லுசாகாவில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். அதே அறை, அதே மேசை. தலைவர் மட்டும் புதியவர், திருமதி சியாமுண்டு என்று ஒரு அம்மா. வாசிக்கிற கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் கேட்டார்.

நான் முடித்ததும் கேட்டார்: "உங்களை யாராவது மிரட்டிச் சொல்ல வெச்சாங்களா?"

"இல்லம்மா."

"மச்சான் வற்புறுத்தினாரா?"

"அவரு கேள்விதான் கேட்டாரு."

"என்ன கேள்வி?"

"கேட்டுச்சான்னு."

அவர் கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். ஹில்டெகார்ட் அம்மா ஜெர்மனியில் மருத்துவமனையிலிருந்து எழுதிய கடிதம். விசாரணை முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. வாசித்துக் காட்டினார். பின்னாலிருந்து இரண்டு முறை விசில் கேட்டதாக அதில் இருக்கிறது. அதிர்ச்சியில் இருந்தவர் சொல்வது, முன் ஓடத்தில் இருந்த வழிகாட்டிக்கே கேட்கவில்லையே என்று அதை அப்படியே வைத்துவிட்டார்களாம். "இந்தக் காகிதம் ஜோடி இல்லாமக் கெடந்துச்சு" என்றார் அந்த அம்மா.

கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. ஓடம் புரள்வதற்கு முன்னால் நாய்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஏழு நாய்கள், ஒன்றின் காது கிழிந்திருந்தது என்று. முன் ஓடத்தில் இருந்தவர் துடுப்பை நீட்டிக் காட்டினார், அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறார். மச்சான், அந்த இடத்தில்தான் நான் அழுதுவிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முடிவு இது. என் உரிமம் பதினெட்டு மாதத்துக்கு இல்லை. முகாம் முதலாளி என் துடுப்பையும் சீருடையையும் வாங்கிக்கொண்டு கை குலுக்கினார், நல்ல மாதிரிதான் நடந்துகொண்டார். உன் உரிம ரத்து நீக்கப்பட்டது. ஆனால் ஒரு சீசன் விட்டுப் போனதால் ஆகஸ்டில் ஆற்றில் ஓடம் ஓட்டி மறுபடி பரீட்சையில் தேற வேண்டும். உனக்குத் தனியாகக் கடிதம் வரும்.

இன்னொரு சேதி. செப்டம்பரில் வனத்துறைக்காரர்கள் நீர்யானைக் கணக்கெடுப்பு வைக்கிறார்கள். கஃபூவே ஆறு வந்து சேரும் முகத்திலிருந்து லுவாங்வா ஆற்று முகம் வரைக்கும், எட்டு நாள், ஓடத்திலேயே. நடத்திக் கொண்டுபோக ஆள் தேடுகிறார்கள். பரீட்சையில் தேறினால் உன்னைத்தான் கேட்பார்கள்.

நான் இங்கே உன் அம்மாவின் தக்காளித் தோட்டத்தில் களை எடுக்கிறேன். அவர் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. "அந்த ஆளை அந்த வரிசைக்குப் போகச் சொல்லு" என்று ஆட்டிடம் சொல்கிறார். ஆடு சொல்வதற்குள் நானே போய்விடுகிறேன். லுயாண்டோ பேசுகிறாள். குழந்தையை என் கையில் கொடுக்கிறாள்.

எனக்கு வேலை இல்லை, துடுப்பு இல்லை. சாப்பாடு மட்டும் பழையபடி ருசிக்கிறது. இத்தனை மாதமாக ருசிக்கவில்லை, அது இப்போதுதான் தெரிகிறது.

மூன்கா

*

சியாவா
23 ஆகஸ்ட் 1998

மாப்பிள்ளை,

தேறிவிட்டேன்.

பரீட்சை வைத்தவர் ஒல்லியான மனிதர், குறிப்பேட்டை முழங்காலில் கட்டி வைத்திருந்தார். இரண்டு நாள் என் முன்னால் உட்கார்ந்து வந்தார். முதல் நாள் ஆற்றில் இறங்கியபோது எனக்குத் துடுப்பு பிடிபடவில்லை. ஒன்பது மாதம் நேர்கோட்டுத் தண்ணீரைப் பார்த்தவனுக்கு, ஒரு சுழிப்பைப் பார்த்தால் கீழே மரமா மணலா முதுகா என்று சட்டென்று தெரியவில்லை. கரையை ஒட்டியே போனேன். ஓடத்தின் விளிம்பில் துடுப்பால் தட்டினேன். முன்னால் ஒரு காது தெரிந்தது, பிறகு பதினாலு காது. அவை ஒவ்வொன்றாக ஆழத்துக்கு நகர்ந்தன, எங்களுக்கு வழி விட்டன. அதற்குப் பிறகு துடுப்பு தானாகப் போனது.

இரண்டாம் நாள் மதியம் காற்று கிளம்பிவிட்டது. அலை ஓடத்துக்குள் எட்டிப் பார்த்தது. ஒதுங்கலாம் என்று பார்த்தால், ஒதுங்க வேண்டிய கரையில் ஒரு ஆண் யானை நின்று நாணல் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. ஒரு பிடி பிடுங்கும், தண்ணீரில் அலசும், மண் போயிற்றா என்று பார்க்கும், பிறகு வாயில் போடும். நான் மேல்பக்கம் ஒரு விழுந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நாற்பது நிமிஷம். அந்த மனிதருக்கு இடுப்பு வரை நனைந்துவிட்டது.

"எதுக்காகக் காத்துட்டிருக்கோம்?" என்றார்.

"அவரு நமக்கு முன்னாடி வந்துட்டாரு சார்."

"கத்தி விரட்டலாமே?"

"விரட்டலாம். நாளைக்கு இதே வழியில எட்டுப் பேர் வருவாங்க, அவங்க மேல அவரு கோபத்தைக் காட்டுவாரு."

அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். நனைந்த தாளில் பென்சில் ஓடவில்லை, மறுபடி எழுதினார். யானை சாப்பிட்டு முடித்து மேடேறிப் போனது. நாங்கள் கரை ஒதுங்கி உடுப்பைப் பிழிந்தோம். அங்கேயே உரிமத்தில் கையெழுத்துப் போட்டார்.

முகாமில் எல்லோரும் நலம். கூலா என்னைப் பார்த்ததும் ஒரு தட்டில் களியும் பொரித்த மீனும் வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான், "சர்க்கரைத் தோட்டத்துல இருந்துட்டு இவ்வளவு மெலிஞ்சு வந்திருக்கியே" என்றார்.

கணக்கெடுப்பு செப்டம்பர் ஏழாம் தேதி தொடங்குகிறது. ஆறு ஓடங்கள், பொறுப்பு என்னுடையது. வனத்துறைக்காரர்கள் எண்ணுவார்கள், எழுதுவார்கள். துடுப்புப் போட ஆள் நானே பிடித்துக்கொள்ள வேண்டும். வெறும் துடுப்புக்காரனுக்கு உரிமம் தேவையில்லை, கேட்டுவிட்டேன். ஐந்து பேர் சொல்லியாகிவிட்டது. ஒரு இடம் காலியாக இருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். பேனா போகவில்லை. இப்போதைக்கு அது என்னிடம் இல்லை. இருப்பது போல எழுதினால் நானும் ஒரு பொய் எழுதியவனாகிவிடுவேன், நம் குடும்பத்துக்கு ஒருவன் போதும். ஆனால் இத்தனை நாள் ஒவ்வொரு காலையிலும் ஆற்றைப் பார்க்கும்போது பக்கத்தில் திரும்பிக்கொண்டே இருக்கிறேன். நேற்றுச் செம்பஞ்சுருட்டான் குருவிகள் வந்து இறங்கின. கரைச் சரிவு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி சிவப்பு. நான் எண்ணவில்லை. தனியாக எண்ணினால் யாரிடம் சொல்வது?

லுயாண்டோவைக் கேள். அவள் சரி என்றால் வா. அம்மாவைக் கேட்க வேண்டாம், ஆட்டைக் கேள். சியாவோங்காவிலிருந்து வியாழக்கிழமை கருவாட்டு லாரி வருகிறது, அதில் ஏறு. கம்பளி இரண்டு எடுத்து வா, ஆற்றில் விடியற்காலையில் குளிர் இன்னும் போகவில்லை. என் மருமகளின் மூக்கைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் நேரில் தருகிறேன்.

நீ என் ஓடத்தில் வருகிறாய். முன்பக்கம் நீ உட்காரு, பின்பக்கம் நான். எட்டு நாளும் உன் முதுகுதான் எனக்கு முன்னால் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாளைக்குக் கோபமாக இருக்க முடிகிறது என்று பார்க்கிறேன்.

சூல்வே